மெயின்ஃபிரேம் இயங்குதளங்களின் பெயர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1999 டிசம்பர் 31 இரவு, கோலாலம்பூரில் ஒரு வங்கியின் மெயின்ஃபிரேம், அதாவது பெரிய மையக் கணினி, இருக்கும் அறையில் சிப்டில் இருந்தேன். பன்னிரண்டு மணி தாண்டியதும் கன்சோலில், அதாவது இயந்திரத்தை நடத்தும் திரையில், நேரம் கேட்கும் கட்டளையைத் தட்டினேன். உள்ளூர் நேரத்துக்குப் பக்கத்தில் 2000.001 என்று வந்தது. உலக நேரத்துக்குப் பக்கத்தில் 1999.365. இங்கே புத்தாண்டின் முதல் நாள், கிரீன்விச்சில் இன்னும் பழைய ஆண்டின் 365-ஆவது நாள், மாலை நான்கு மணி. இரண்டு ஆண்டுகளும் பச்சை எழுத்தில் ஒரே திரையில் நின்றன. அறையில் இருந்தவர்கள் எல்லாரும் வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்று காலை ஒரு நிருபர் தொலைபேசியில் கூப்பிட்டு, "அக்கா, அந்தக் கணினிக்கு என்ன பெயர்?" என்று கேட்டார். ஓஎஸ்/390 ஓடுகிறது என்றேன். மறுநாள் நாளிதழில் "ஓஎஸ்/390 என்ற ராட்சதக் கணினி" என்று வந்துவிட்டது. ஓஎஸ்/390 கணினி அல்ல, கணினியில் ஓடும் இயங்குதளம், மற்ற எல்லா நிரல்களையும் நடத்தும் அடிப்படை மென்பொருள். கணினிக்குப் பெயர் சிஸ்டம்/390. இரண்டுக்கும் ஒரே எண்ணை வைத்தால் யாருக்குத்தான் குழம்பாது? நான் இன்னும் ஒரு நிமிடம் பேசியிருக்க வேண்டும்.

அதற்கப்புறம், இந்தப் பெயர்களைப் பற்றி யார் கேட்டாலும் நின்று பதில் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். வேலைக்குப் புதிதாக வந்த தம்பி தங்கைகளும் தமிழில் செய்தி எழுதும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவை கீழே இருக்கின்றன.

மெயின்ஃபிரேம் என்பது இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. ஐபிஎம் 2022-இல் இசட்16, 2025-இல் இசட்17 என்று புதுப் பெட்டிகளை வெளியிட்டது. வங்கிக் கணக்கு, கடன் அட்டை, விமானப் பதிவு, காப்புறுதி போன்ற வேலைகளில், ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கானோர் ஒரே பதிவேட்டைத் தொடும் இடத்தில் இது நிற்கிறது. பெட்டி இரண்டு மூன்று குளிர்சாதனப் பெட்டி அளவுதான். கூடம் நிறைய நிற்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

ஓஎஸ்/360, எம்விஎஸ், ஓஎஸ்/390, இசட்/ஓஎஸ் எல்லாம் வேறு வேறு இயங்குதளங்களா?

எல்லாம் ஒரே வம்சம். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

1964 ஏப்ரல் 7-ஆம் தேதி ஐபிஎம் சிஸ்டம்/360 என்ற கணினிக் குடும்பத்தை அறிவித்தது. திசைகாட்டியின் 360 பாகையும் அடங்கும், அறிவியல், வணிகம் எல்லா வேலைக்கும் பொருந்தும் என்பதால் 360. அதற்கான இயங்குதளம் ஓஎஸ்/360. அதிலேயே முக்கியமாக எம்எஃப்டி, எம்விடி என்று இரண்டு வகை. ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே வரையறுத்து வைப்பது எம்எஃப்டி, தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வது எம்விடி. பெயரின் நடுவில் உள்ள எஃப் (நிலையானது), வி (மாறக்கூடியது) என்ற எழுத்துகளே வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடும்.

1970-இல் சிஸ்டம்/370 வந்தது. 1972-இல் மெய்நிகர் நினைவகம், அதாவது வட்டின் துணையோடு நினைவகத்தை இருப்பதைவிடப் பெரிதாகக் காட்டும் முறை, சேர்ந்ததும் எம்எஃப்டி ஓஎஸ்/விஎஸ்1 ஆனது, எம்விடி ஓஎஸ்/விஎஸ்2 ஆனது. இந்த விஎஸ்2-இன் முதல் வெளியீட்டில் எல்லா வேலைகளும் ஒரே மெய்நிகர் நினைவக வெளியைப் பங்கு போட்டுக்கொண்டன. 1974-இல் வந்த இரண்டாம் வெளியீடு ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி வெளி கொடுத்தது. பல வெளிகள் என்பதைச் சொல்லும் பெயர்தான் எம்விஎஸ். அதாவது எம்விஎஸ் முதலில் ஒரு வெளியீட்டின் செல்லப் பெயர், அது பிறகு குடும்பப் பெயராகிவிட்டது.

1980-இல் எம்விஎஸ்/எஸ்பி. இந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது பணம். அதுவரை அடிப்படை இயங்குதளம் கணினியோடு தனிக் கட்டணமில்லாமல் வந்தது. எஸ்பி என்ற பெயரோடு அது காசு கொடுத்து வாங்கும் பொருளானது. 1983-இல் எம்விஎஸ்/எக்ஸ்ஏ, நினைவக முகவரி 24 பிட்டிலிருந்து 31 பிட்டுக்கு விரிந்தது, அதாவது ஒரு நிரல் தொடக்கூடிய நினைவகம் பெருகியது. நான் 1988-இல் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் கன்சோலில் ஓடியது அதுதான். அந்த ஆண்டே ஐபிஎம் எம்விஎஸ்/இஎஸ்ஏவை அறிவித்தது. 1996-இல் ஓஎஸ்/390. அதுவரை தனித்தனியாக வாங்கிக் கோர்த்துக்கொண்டிருந்த பல மென்பொருள்களை ஒரே பொதியாகக் கட்டிக் கொடுத்ததற்கு வைத்த பெயர் அது. 2001 மார்ச்சில் இசட்/ஓஎஸ், முகவரி 64 பிட்.

என் பணிக்காலத்தில் மூன்று முறை பெயர்ப்பலகை மாறியது. 1988-இல் நான் எழுதிய வேலைக் கட்டளைக் கோப்பு ஒன்று ஒரு வரி கூட மாறாமல் இசட்/ஓஎஸ்ஸில் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு புதுப் பெயரைக் கேட்டவுடன் "பழையது போய்ப் புதியது வந்துவிட்டது" என்று எழுத வேண்டாம் என்று நான் கெஞ்சுவது இதனால்தான். மெயின்ஃபிரேமில் புதுப் பெயர் பழைய வீட்டின் மேல் எழுப்பிய மாடி. கீழ்வீட்டில் ஆள் இருக்கிறார்கள்.

பெயருக்கு நடுவில் ஏன் அந்தச் சாய்கோடு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. மலேசியத் தமிழர்களுக்கு இதை விளக்குவதும் எளிது, நம் அடையாள அட்டையிலேயே சாய்கோடு இருக்கிறது. முருகன் ஏ/எல் சுப்பிரமணியம். அனாக் லெலாக்கி, சுப்பிரமணியத்தின் மகன் முருகன். பெண்ணென்றால் ஏ/பி. முதலில் ஆள், அப்புறம் யாருடைய பிள்ளை.

ஓஎஸ்/360-ஐயும் அப்படியே படியுங்கள். முதலில் இயங்குதளம், சாய்கோட்டுக்குப் பிறகு அது எந்த இயந்திரக் குடும்பத்துக்குப் பிறந்தது என்பது. டாஸ்/360, விஎம்/370, ஓஎஸ்/390 எல்லாம் இதே வரிசை.

2000-இல் இந்த வரிசை தலைகீழானது. இசட்/ஓஎஸ், இசட்/விஎம், பிறகு இசட்/விஎஸ்இ, இசட்/டிபிஎஃப். குடும்ப எழுத்து முன்னால் வந்து, ஆள் பின்னால் போய்விட்டார். தமிழ்நாட்டு வழக்கில் "சு. முருகன்" என்று எழுதுகிறோமே, அந்த முறை. தந்தையின் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கும். முருகன் ஏ/எல் சுப்பிரமணியமும் சு. முருகனும் ஒரே ஆள் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. ஓஎஸ்/390-உம் இசட்/ஓஎஸ்ஸும் ஒரே வம்சம் என்பதை நான் புதிதாக வருகிறவர்களுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அதற்குப் பிறகு யாரும் மறந்ததில்லை.

கொஞ்சம் விலகிப் போகிறேன். விமானப் பதிவு முறைகளில் சாய்கோட்டுக்கு வேறு வேலை. அங்கே குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிப்பது அதுதான். அதனால் நம் ஏ/எல்-இல் உள்ள கோட்டை அங்கே தட்ட முடியாது, பயணச்சீட்டில் பெயரோடு 'ஏஎல்' ஒட்டிக்கொண்டு வருகிறது. சரியான பெயர் வேண்டும் என்று முகப்பில் நின்று வாதாடிய அப்பாக்களை எனக்குத் தெரியும். பெயரில் ஒரு குறி என்பது சின்ன விஷயமில்லை, அதை வைத்தவருக்கும் சுமப்பவருக்கும் அதில் அர்த்தம் இருக்கிறது. இயங்குதளத்தின் சாய்கோட்டையும் விட்டுவிடாமல் எழுதச் சொல்லி நான் பிடிவாதம் பிடிப்பது இதே காரணத்துக்காக.

இசட் என்றால் என்ன?

ஜீரோ டவுன்டைம், அதாவது துளியும் நிற்காமல் ஓடுவது என்பதன் முதல் எழுத்து என்று ஐபிஎம் விளக்கியது. விற்பனைப் பிரிவின் சொல் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பெட்டிகளை இணைத்து, ஒன்று நின்றாலும் மற்றவை வேலையை ஏந்திக்கொள்ளும்படி அமைத்தால் அதை நெருங்கலாம். ஒற்றைப் பெட்டி வைத்திருப்பவருக்குப் பெயர் மட்டும் அதைக் கொடுத்துவிடாது.

இசட்17-இல் ஓடுவது இசட்/ஓஎஸ் 17-ஆ?

இல்லை. பெட்டியின் எண் வேறு, இயங்குதளத்தின் எண் வேறு. இசட்9, இசட்10, இசட்13 முதல் இசட்17 வரை பெட்டிகள். இயங்குதளம் 2001-இல் பதிப்பு 1 வெளியீடு 1 என்று தொடங்கி, வெளியீடு 13 வரை போனது. 2013-இல் பதிப்பு 2. அதிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, செப்டம்பர் இறுதியில், ஒரு வெளியீடு. 2023-இல் 'பதிப்பு', 'வெளியீடு' என்ற சொற்களைக் கைவிட்டு 3.1 என்று மட்டும் எழுதத் தொடங்கினார்கள். 2025-இல் 3.2.

நிருபர்களுக்கு ஒன்று. ஐபிஎம் முதலில் முன்னோட்டம் தரும், பிறகு முறையான அறிவிப்பு, அதற்கும் பிறகுதான் வாடிக்கையாளர் கையில் கிடைக்கும் தேதி. மூன்றையும் "வெளியிட்டது" என்று ஒரே சொல்லால் எழுதினால், ஒரே இயங்குதளம் ஓராண்டுக்குள் மூன்று முறை பிறந்ததாகிவிடும்.

டாஸ் என்றால் பழைய மேசைக் கணினியில் ஓடியதுதானே?

அதற்கு முன்பே ஒன்று இருந்தது. 1966-இல் வந்த டாஸ்/360 மெயின்ஃபிரேமுக்கானது. ஓஎஸ்/360 தயாராவதற்குத் தாமதமானது, சின்ன நினைவகம் வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய பாரமாகவும் இருந்தது. அவர்களுக்காகச் செய்ததுதான் டாஸ்/360. 1981-இல் மேசைக் கணினியோடு வந்த டாஸுக்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவு எதுவும் கிடையாது. மெயின்ஃபிரேம் டாஸ் பிறகு டாஸ்/விஎஸ், டாஸ்/விஎஸ்இ, விஎஸ்இ/இஎஸ்ஏ, இசட்/விஎஸ்இ என்று தன் வழியில் போனது. 1970-களின் ஆவணம் ஒன்றில் "டாஸ்" என்று பார்த்தால் மேசைக் கணினியை நினைக்காதீர்கள்.

எழுத்து அப்படியே இருந்து விரிவு மட்டும் மாறிய பெயர்கள் உண்டா?

உண்டு. ஒரே பெட்டியைப் பல கணினிகள் போலக் காட்டும் விஎம் இயங்குதளக் குடும்பத்தில், பயனர் உட்கார்ந்து வேலை செய்யும் பகுதிக்கு சிஎம்எஸ் என்று பெயர். ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் பிறந்ததால் சி என்றால் கேம்பிரிட்ஜ். 1972-இல் விஎம்/370 ஆக விற்பனைக்கு வந்தபோது சி என்றால் 'உரையாடல் முறை' என்று பொருள் மாறிவிட்டது. எழுத்தை யாரும் தொடவில்லை.

இன்னொன்று என் மனத்துக்கு மிக நெருக்கமானது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் கணினி செய்த காலத்தில் அதன் இயங்குதளம் ஜிஇசிஓஎஸ். ஜிஇ என்பது நிறுவனத்தின் பெயர். 1970-இல் அந்தக் கணினித் தொழிலை ஹனிவெல் வாங்கியது. விற்றவரின் பெயர் இனி எதற்கு என்று நடுவிலிருந்த இ எழுத்தைத் தூக்கி ஜிசிஓஎஸ் ஆக்கினார்கள். ஆனால் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தைச் செய்தவர்கள், அச்சு வேலைகளை அந்த இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டியிருந்ததால், பயனர் பட்டியலில் அதற்கென ஒரு கட்டம் ஒதுக்கியிருந்தார்கள். அந்தக் கட்டத்துக்குப் பெயர் பழைய ஜிஇசிஓஎஸ்தான், சேர்த்துச் சொன்னால் ஜிகோஸ். இன்று உங்கள் லினக்ஸ் கணினியில் பயனரின் முழுப்பெயர் இருக்கும் கட்டத்துக்கும் அதே பெயர்தான். நிறுவனம் தொழிலை விட்டுப் போய் அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த இ எழுத்து அங்கே இருக்கிறது.

ஐபிஎம் தவிர வேறு யாரும் இல்லையா?

1960-களில் ஐபிஎம்மையும் மற்ற ஏழு நிறுவனங்களையும் சேர்த்து அமெரிக்கப் பத்திரிகைகள் "ஐபிஎம்மும் ஏழு குள்ளர்களும்" என்று எழுதின. பரோஸ், யுனிவாக், என்சிஆர், கண்ட்ரோல் டேட்டா, ஹனிவெல், ஜெனரல் எலக்ட்ரிக், ஆர்சிஏ. கடைசி இரண்டும் விலகியதும் மீதி ஐந்தின் முதல் எழுத்துகளைச் சேர்த்து "பஞ்ச்" என்றார்கள். அந்தப் பட்டப்பெயர்கள் சுவையானவைதான், ஆனால் அவற்றால் நல்ல வேலைகள் மறைந்து போயின. பரோஸின் எம்சிபி 1961-இல் பி5000 கணினிக்காகப் பிறந்தது. மெய்நிகர் நினைவகத்தை ஐபிஎம் 1972-இல் பெரிய செய்தியாக அறிவித்தபோது, பரோஸ் வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய பத்தாண்டாக அதைப் பயன்படுத்தி வந்தார்கள்.

1986-இல் பரோஸும், யுனிவாக்கை வைத்திருந்த ஸ்பெரியும் இணைந்து யூனிசிஸ் ஆயின. எம்சிபியும், யுனிவாக்கின் எக்ஸெக் 8 வழியில் வந்த ஓஎஸ் 2200-உம் இன்றும் அங்கே இருக்கின்றன. ஜெர்மனியில் சீமன்ஸ் வழிவந்த பிஎஸ்2000, ஜப்பானில் ஹிட்டாச்சியின் விஓஎஸ்3, பிரிட்டனில் ஐசிஎல்லின் விஎம்இ. பிஎஸ்2000-இல் உள்ள 2000 ஆண்டு எண் அல்ல, 1970-களிலேயே வைத்த பெயர். "மெயின்ஃபிரேம்" என்று கேட்டதும் ஐபிஎம் என்று எழுதிவிடாமல், எது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பழைய பெயர்கள் இன்றைக்கும் எங்கே கண்ணில் படும்?

இசட்/ஓஎஸ் கையேடுகளின் அட்டையிலேயே. வேலைக் கட்டளை மொழிக்கான கையேட்டின் தலைப்பு "இசட்/ஓஎஸ் எம்விஎஸ்" என்றுதான் தொடங்குகிறது. கணினி அறையில் யாரும் "இசட்/ஓஎஸ்ஸில் பார்" என்று சொல்லி நான் கேட்டதில்லை, "எம்விஎஸ் பக்கம் பார்" என்பார்கள்.

அப்புறம் கன்சோலில் ஓடும் செய்திகள். வேலைகளை வரிசைப்படுத்தும் ஜெஸ்2 என்ற பகுதி, தான் அனுப்பும் ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் $ஹாஸ்ப் என்று போடும். ஜெஸ்2-க்கு முன்னோடியாக 1960-களில் ஹூஸ்டனில், விண்வெளித் திட்டத்துக்காக வேலை செய்த ஐபிஎம் ஆட்கள் எழுதிய நிரலின் பெயர் ஹாஸ்ப். அதில் ஹெச் என்ற எழுத்து ஹூஸ்டன். ஆக, கோலாலம்பூரில் நள்ளிரவில் சம்பளப் பட்டியல் ஓடும்போது திரையில் வரிக்கு வரி ஹூஸ்டன் வந்துகொண்டிருக்கும். முதன்முதலில் இதைத் தெரிந்துகொண்ட இரவில் எனக்கு மெய்சிலிர்த்தது.

பெயர்கள் இப்படி நறுக்கென்று இருப்பதற்குக் காரணம் எட்டு எழுத்து வரம்பு. நிரலின் பெயர் எட்டுக்குள் அடங்க வேண்டும், வேலையின் பெயரும் அப்படியே. கோப்பின் பெயரைப் புள்ளி வைத்துப் பிரித்து 44 எழுத்து வரை எழுதலாம், ஆனால் ஒவ்வொரு துண்டும் எட்டைத் தாண்டக் கூடாது. அந்த வரம்புக்குள் பிறந்ததுதான் ஐஇஎஃப்பிஆர்14. ஐஇஎஃப் என்பது வேலை அட்டவணைப் பகுதியின் முன்னொட்டு. பிஆர் 14 என்பது 14-ஆம் பதிவகத்தில், அதாவது செயலிக்குள் இருக்கும் சின்ன நினைவிடத்தில், உள்ள முகவரிக்குத் திரும்பிப் போ என்ற கட்டளை. அழைத்தவுடன் திரும்பிப் போவதைத் தவிர அந்த நிரல் எதுவும் செய்யாது. ஆனால் அதைக் கூப்பிடும் சாக்கில் இயங்குதளம் கோப்புகளை உருவாக்கும், அழிக்கும், அதனால் தினமும் தேவைப்படுகிறது. முதல் வடிவத்தில் அதிலும் ஒரு பிழை இருந்தது. 'நல்லபடி முடிந்தது' என்று சொல்ல 15-ஆம் பதிவகத்தைச் சுழியாக்க வேண்டும், அதைச் செய்யாமல் விட்டிருந்தார்கள். ஒரு வரி நிரல் இரண்டு வரியானது. பெயரோ பழைய ஒற்றை வரியையே இன்றும் சொல்கிறது.

"மெயின்ஃபிரேம் செத்துவிட்டது" என்று அடிக்கடி படிக்கிறோமே?

மிகவும் பேசப்பட்ட ஆரூடம் அமெரிக்கக் கணினிப் பத்திரிகையாளர் ஸ்டூவர்ட் ஆல்சாப் சொன்னது. 1991-இல் இன்ஃபோவேர்ல்ட் இதழில், கடைசி மெயின்ஃபிரேம் 1996 மார்ச் 15-ஆம் தேதி அணைக்கப்படும் என்று எழுதினார். அந்த மார்ச் மாதம் ஓஎஸ்/390 வாடிக்கையாளர்களுக்குப் போய்ச் சேரத் தொடங்கியிருந்தது. 2002-இல் அவர் தன் கணிப்பு தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அது பெருந்தன்மை, அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

அவர் மட்டும் ஏமாறவில்லை. 1990-களின் தொடக்கத்தில் ஐபிஎம்மே பெரும் நட்டத்தில் இருந்தது, சின்னக் கணினிகள் வேகமாகப் பரவின. தப்புக்கு வழிவகுத்த இன்னொன்று பெயர்கள். எம்விஎஸ் என்ற பெயர் விளம்பரத்திலிருந்து மறைந்ததும், அந்தப் பொருளே மறைந்ததாக வெளியிலிருந்து பார்ப்பவர் நினைத்தது இயல்பு. பெயர் மாற்றத்தை மரண அறிவிப்பாகப் படிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

உண்மையாகவே முடிவுக்கு வருபவையும் உண்டு. மல்டிக்ஸ் என்ற இயங்குதளம் ஓடிய கடைசி இயந்திரம் 2000 அக்டோபரில் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் நிறுத்தப்பட்டது. ஜப்பானின் ஃபுஜிட்சு நிறுவனம் தன் மெயின்ஃபிரேம் விற்பனையை 2030-இலும், ஆதரவை 2035-இலும் முடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. முடிவை எழுத வேண்டுமென்றால் இப்படிப் பெயரும் தேதியும் வைத்து எழுதலாம்.

வங்கிச் சேவை நின்றுபோனால் செய்தியில் எதை எழுதுவது?

ஐந்து அடுக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டி. அதன் மேல் இயங்குதளம். அதன் மேல் பரிவர்த்தனைகளைக் கையாளும் சிஐசிஎஸ், தரவுத்தளமான டிபி2 போன்ற துணை முறைகள். அதில் ஓடும் வங்கியின் சொந்த நிரல். எல்லாவற்றுக்கும் வெளியே கைப்பேசிச் செயலியும் இணையப் பக்கமும். மக்கள் பார்ப்பது கடைசி அடுக்கை மட்டும். வங்கி "கணினிக் கோளாறு" என்று சொன்னால், எந்த அடுக்கில் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதில் வரவில்லையென்றால் "மெயின்ஃபிரேம் பழுதானது" என்று நீங்களாக எழுத வேண்டாம்.

2020 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி, வேலையிழந்தோர் உதவித்தொகை முறையைச் சரிசெய்ய கோபோல் தெரிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று கேட்டார். உலகம் முழுக்கச் செய்தியானது. மொழியும், இயங்குதளமும், நாற்பது ஆண்டுப் பழைய பெட்டியும் ஒன்றே என்பது போலப் பல இடங்களில் வந்தது. கோபோல் ஒரு நிரல் மொழி. அது பிறந்தது 1959-இல், ஆனால் அது ஓடும் பெட்டி போன மாதம் வாங்கியதாக இருக்கலாம். கொரோனா காலத்தில் விண்ணப்பங்கள் திடீரென்று பல மடங்கானதையும், அதைத் தாங்கும் ஆட்களை ஆண்டுக்கணக்காகக் குறைத்து வந்ததையும் எழுதியவர்கள் குறைவு.

செய்திகளில் தவறாகப் படிக்கப்படும் சொற்கள் எவை?

ஸ்டோரேஜ். ஐபிஎம் வழக்கில் இது நினைவகம். மற்றவர்கள் மெமரி என்பதை இவர்கள் தொடக்கத்திலிருந்தே ஸ்டோரேஜ் என்கிறார்கள், விஎஸ் என்ற பெயரில் உள்ள எஸ் அதுதான். "ஸ்டோரேஜ் போதவில்லை" என்ற பிழைச் செய்தியைப் பார்த்து "வட்டு நிரம்பியது" என்று மொழிபெயர்த்ததைக் கண்டிருக்கிறேன். வட்டுக்கு இங்கே டாஸ்டி என்று பெயர். ஐபிஎல் என்பது கணினியை முதலிலிருந்து கிளப்புவது, "நேற்று இரவு ஐபிஎல்" என்று கணினி அறையில் சொன்னால் கிரிக்கெட் அல்ல. அபெண்ட் என்றால் நிரல் பாதியில் விழுந்தது. அதில் எஸ்0சி7 வந்தால் எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறு எதோ இருக்கிறது என்று பொருள், தரவில்தான் பிழை, பெட்டியில் அல்ல.

"கோட்டுக்குக் கீழே" என்றும் கேட்பீர்கள். 24 பிட் காலத்தின் 16 மெகாபைட் நினைவக எல்லைதான் அந்தக் கோடு.

தமிழில் இந்தப் பெயர்களை எப்படி எழுதுவது?

ஆங்கிலத்தில் இசட்/ஓஎஸ்ஸின் முதல் எழுத்து எப்போதும் சின்ன எழுத்து, வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தாலும். அது ஆங்கிலப் பத்திரிகைத் திருத்துநர்களுக்குத் தீராத தலைவலி. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லாததால் நமக்கு அந்தச் சிக்கலே கிடையாது. நம் சிக்கல் வேறு. எம்.வி.எஸ். என்று புள்ளி வைத்தால் ஆள் பெயரின் தலைப்பெழுத்து போலத் தெரிகிறது. அதனால் நான் புள்ளி வைப்பதில்லை, சேர்த்தே எழுதுகிறேன். எண்ணுக்குப் பின் வேற்றுமை உருபு வந்தால் சிறுகோடு, எழுத்துக்குப் பின் வந்தால் ஒட்டு. ஓஎஸ்/390-இல், எம்விஎஸ்ஸில். கோபோலைக் கோபால் என்று எழுதினால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்றுவிடுவார், கோபோல் என்றே எழுதுங்கள். மெயின்ஃபிரேமுக்குப் பெருங்கணினி என்று சிலர் எழுதுகிறார்கள். அழகான சொல், ஆனால் கணினி அறையில் யாரும் சொல்லாததால் நான் மெயின்ஃபிரேம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு பெயர்களும் வாசகருக்குத் தேவைப்பட்டால், "இசட்/ஓஎஸ், முன்னாளில் எம்விஎஸ் என அறியப்பட்டது" என்று ஒரு முறை எழுதிவிடுங்கள். போதும்.

வீட்டிலிருந்தே பார்த்துப் பழக முடியுமா அக்கா?

முடியும். இசட்/ஓஎஸ்ஸுக்கு உரிமம் வேண்டும், சும்மா இறக்கி வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஐபிஎம்மின் இசட் எக்ஸ்புளோர் என்ற கற்றல் திட்டத்தில் இலவசமாகப் பதிந்துகொண்டு உண்மையான இயந்திரத்திலேயே பழகலாம்.

பழையதைப் பார்க்க ஹெர்குலீஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. 1999-இல் ரோஜர் பவுலர் தொடங்கியது, சாதாரண மடிக்கணினியை ஐபிஎம் மெயின்ஃபிரேம் போல நடிக்கவைக்கும். அதில் எம்விஎஸ் 3.8 ஓடும். எஸ்பி என்ற பெயரோடு கட்டணம் வருவதற்கு முந்தைய வடிவம் என்பதால்தான் அது இன்று எல்லார் கைக்கும் கிடைக்கிறது. நிறுவி முடித்ததும் ஐஇஎஃப்பிஆர்14-ஐ அழைக்கும் ஒரு சின்ன வேலையை அனுப்பிப் பாருங்கள். வேலை தொடங்கியது என்று $ஹாஸ்ப்373 வரும், முடிந்தது என்று $ஹாஸ்ப்395 வரும். என் கடைசி இரவுப் பணியில் இசட்/ஓஎஸ் கன்சோலில் நான் பார்த்த எண்களும் அவைதான்.